புராஸ்டேட் புற்றுக்குப் பெண் ஹார்மோன் மாத்திரை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சைகளைப் பற்றி எழுதியபோது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரையை ஒரே வரியில் கடந்துவிட்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியவைதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளும் எங்கள் மருத்துவக் குழுவின் பதில்களும் இங்கே.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. புற்று எலும்புக்குப் பரவிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி கட்டுப்படியாகவில்லை என்றதும் டாக்டர் ஹான்வான் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பொம்பளைங்க ஹார்மோன் ஆச்சே" என்றார். சீட்டில் ஏதாவது தவறு நடந்திருக்குமா? (குடியாத்தம்)

தவறில்லை. ஆணுக்கு, அதுவும் இந்த நோய்க்கென்றே எழுதப்படும் மருந்து அது.

ஹான்வானில் இருப்பது ஃபாஸ்ஃபெஸ்ட்ரால். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் (சுருக்கமாக ஸ்டில்பெஸ்ட்ரால்) என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனோடு இரண்டு பாஸ்பேட்டைச் சேர்த்துத் தண்ணீரில் கரையும்படி செய்த வடிவம். உடலுக்குள் போனதும் பாஸ்பேட்டேஸ் என்சைம் அந்த இரண்டையும் வெட்டிவிடும். பழைய ஸ்டில்பெஸ்ட்ரால் வெளியே வரும். புராஸ்டேட் புற்றுச் செல்களில் இந்த என்சைம் நிறைய இருப்பதால் மருந்து நேராக அங்கேயே போய் இறங்கும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். உடம்பில் வேறு இடங்களிலும் அந்த என்சைம் இருப்பதால் அது முழுதாக நடக்கவில்லை.

ஸ்டில்பெஸ்ட்ராலை 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். விந்தகத்தை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்று 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லியூப்ரோலைடு போன்ற ஹார்மோன் ஊசிகள் 1980-களில் வரும்வரை, ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களுக்கு இந்த மாத்திரைதான் வழி.

வேலை செய்யும் விதம் இதுதான். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறியதும், வேண்டிய அளவு ஹார்மோன் இருக்கிறதென்று மூளை எல்.எச்.சை நிறுத்திவிடும். சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டத்துக்கு இறங்கும். அதை நம்பி வளரும் புற்று சுருங்கும். லியூப்ரோலைடு வகை ஊசிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த நாட்களில் எலும்பு வலி கூடலாம், முதுகெலும்பில் கட்டி இருந்தால் கால் மரத்தும் போகலாம். மாத்திரையில் அந்த ஆரம்ப ஏற்றம் கிடையாது.

ஒரு விஷயத்தில் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இன்று இது முதல் வரிசை மருந்து இல்லை. காரணம் ரத்தக்கட்டு, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது; அதை அடுத்தடுத்த பதில்களில் விரிவாகச் சொல்கிறோம். ஊசிக்குப் பணம் இல்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், விந்தகத்தை அகற்றும் சிறிய ஆபரேஷனைப் பற்றி அப்பாவோடு இன்னொரு முறை பேசிப் பாருங்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தே முடித்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன் ஒரே நாளுக்குள் இறங்கிவிடும், ரத்தக்கட்டு ஆபத்தும் மாத்திரை அளவுக்கு இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். "ஆம்பளைத்தனம் போயிடும்" என்ற பயத்தில்தான் பலர் ஆபரேஷனை மறுக்கிறார்கள். மாத்திரையும் ஊசியும்கூட ஆசையைக் குறைக்கத்தான் செய்யும்.

கேள்வி: பழைய புத்தகத்தில் 5 மில்லிகிராம், இன்னொன்றில் 1 மில்லிகிராம், கடையில் வாங்கிய அட்டையில் 120 மில்லிகிராம். எதுதான் சரி? (காட்பாடி)

முதல் இரண்டும் ஸ்டில்பெஸ்ட்ரால் கணக்கு. மூன்றாவது ஃபாஸ்ஃபெஸ்ட்ரால் கணக்கு. மருந்தே வேறு என்பதால் மில்லிகிராமை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

ஸ்டில்பெஸ்ட்ராலை ஆரம்பத்தில் நாளுக்கு 5 மி.கி. கொடுத்தார்கள். 1960-களில் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில், 5 மி.கி. சாப்பிட்டவர்கள் புற்றால் இறப்பது குறைந்தது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டால் இறப்பது கூடியது. லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிட்டது. அடுத்த சுற்றில் 1 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள், புற்றைப் பொறுத்தவரை 5 மி.கி.க்கு அது சளைக்கவில்லை. ஆனால் 1 மி.கி.யில் எல்லோருக்கும் டெஸ்டோஸ்டிரோன் முழுதாக இறங்குவதில்லை, 3 மி.கி.யில் பெரும்பாலோருக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் 1 முதல் 3 என்று எழுதுகிறார்கள். 5-க்கு இன்று யாரும் போகத் தேவையில்லை.

ஃபாஸ்ஃபெஸ்ட்ரால் மாத்திரை வழக்கமாக 120 மி.கி., நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கும். நோய் அடங்கியதும் டாக்டர் குறைப்பார். கடுமையான எலும்பு வலிக்கு இதையே நரம்பில் ஊசியாகச் சில நாட்கள் ஏற்றுவதும் உண்டு. ஏற்றும்போது ஆசனவாய்க்கு முன்புறம் சுரீர் என்று எரியலாம், கட்டி உள்ள எலும்பில் வலி தெறிக்கலாம். மெதுவாக ஏற்றினால் குறையும்.

கேள்வி: எனக்கு 69 வயது. குழித்தறியில் நெய்கிறேன். மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. இரண்டு காலும் சாயங்காலம் வீங்குகிறது. இடது கால் கொஞ்சம் அதிகம். வீட்டில் தைலம் போட்டு நீவிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா? (ஆரணி)

நீவக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்து வீட்டாரிடம் காட்டுங்கள்.

வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கூடுகின்றன, உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பின் குறைகிறது. அதோடு உடம்பு உப்பையும் நீரையும் தேக்கி வைக்கிறது. ஆக இரண்டு வகை வீக்கம் வரும். இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

நீர் வீக்கம் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும். கணுக்காலில் கட்டை விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும். இரவு காலை உயர்த்திப் படுத்தால் விடியும்போது வடிந்திருக்கும். வலி இருக்காது.

ரத்தக்கட்டு வீக்கம் பெரும்பாலும் ஒரே காலில் வரும். ஆடுசதை கெட்டியாகி, தொட்டால் சூடாக, அமுக்கினால் வலிக்கும். தோல் லேசாகச் சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். காலையில் எழுந்தாலும் வடியாது.

கண்ணளவை நம்பாதீர்கள். தையல் டேப்பை எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் தடவினால் முன்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அங்கிருந்து நேராகக் கீழே 10 செ.மீ. அளந்து பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு காலிலும் அதே இடத்தில் சுற்றளவை எடுத்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். டேப்பை இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் விட வேண்டாம். தினமும் காலையில் எழுந்ததும், நடமாடுவதற்கு முன் அளப்பது நல்லது. இரண்டு காலுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றே ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்து, வலியும் சூடும் இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் "இடது கால் கொஞ்சம் அதிகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து தொடங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. புற்று இருப்பதே ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும். குழித்தறியில் மணிக்கணக்கில் கால் தொங்க உட்காருவது அதற்கு மேல். எனவே அளந்து பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தேய்த்து நீவினால் கட்டு கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் பஸ்ஸுக்கு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சேர்ந்ததும் "ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

கட்டு இல்லை என்று தெரிந்த பிறகு: முக்கால் மணிக்கு ஒருமுறை தறியிலிருந்து எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் நிறுத்தினாலே பாதி வீக்கம் குறையும். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு வாரத்தில் 2 கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ இதயத்தைப் பார்க்க வேண்டும். பீடி பிடிப்பவரானால் பீடியா, மாத்திரையா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும். வீக்கம் இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், உப்பைக் குறையுங்கள். ஏற்கெனவே இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்பிரின் 75 சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கட்டு வராதாமே? (ஆற்காடு)

சில டாக்டர்கள் சேர்த்துத் தருகிறார்கள். ஆஸ்பிரின் தமனியில் உறைவதை ஓரளவு தடுக்கும், காலின் சிரையில் உறைவதை நம்பிக்கையாகத் தடுப்பதில்லை. ஆகவே அதைக் காப்பு என்று எண்ணிக் கால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். முன்பு மாரடைப்போ, பக்கவாதமோ, காலில் ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு இந்த மாத்திரையே கூடாது. மஞ்சள் காமாலையோ கல்லீரல் கோளாறோ இருந்தாலும் கூடாது. பழைய சீட்டுகளை எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் போட்ட ஸ்டென்ட்டை டாக்டர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு மார்பு பெண்களுக்கு வருவதுபோல் வளர்ந்துவிட்டது. சட்டை போடாமல் திண்ணையில் உட்கார வெட்கப்படுகிறார். காம்பு பட்டாலே வலி. இதற்கு வழி இல்லையா? (வாணியம்பாடி)

அம்மா, மாத்திரை தொடங்குவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் ஆண்களில் பெரும்பாலோருக்கு மார்பு வளரும். தொடங்கும் முன், அல்லது தொடங்கிய சில நாட்களுக்குள், இரண்டு மார்புக்கும் குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்தால் வளர்ச்சியைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஒரே அமர்விலோ மூன்று அமர்விலோ முடிந்துவிடும். புதிதாக மாத்திரை தொடங்கப்போகிற வாசகர்கள் இதை டாக்டரிடம் கேளுங்கள். வேலூரிலேயே அந்த வசதி இருக்கிறது.

வளர்ந்த பிறகு கதிர்வீச்சு வலியைக் குறைக்கலாம், அளவைக் குறைக்காது. ஓராண்டு ஆகிவிட்டால் உள்ளே நார்த்திசு படிந்துவிடும். பிறகு மருந்தை நிறுத்தினாலும் முழுதாக இறங்காது, ஆபரேஷனில் எடுத்தால்தான் உண்டு. தாமாக்சிஃபென் மாத்திரை பற்றி யாராவது சொல்லலாம். அதுவும் ரத்தக்கட்டைக் கூட்டும் மருந்து. ஈஸ்ட்ரோஜனோடு அதையும் சேர்ப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

வலிக்கு, தையல் உறுத்தாத பழைய பருத்தி பனியனைக் கொஞ்சம் இறுக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கல்லுபோல் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ தனியாகக் காட்ட வேண்டும்.

கேள்வி: விந்தகத்தை எடுத்து நாலு வருடம் ஆகிறது. இப்போது பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறுகிறது. டெஸ்டோஸ்டிரோனே இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் எதற்கு? (வாலாஜாபேட்டை)

நியாயமான கேள்வி. விந்தகம் போனாலும் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். பல வருடம் பட்டினி கிடந்த புற்றுச் செல் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன், மிச்சமிருக்கும் ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தை ரத்தத்தில் கூட்டுகிறது. பிட்யூட்டரி வழியாக இல்லாமல், புற்றுச் செல்லை நேரடியாகவே தாக்குவதும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் பி.எஸ்.ஏ. பாதிக்குப் பாதி குறைவது, ஆய்வுகளைப் பொறுத்து, நாலில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை. குறையாதவர்களும் நிறையப் பேர் என்பதால், மூன்று மாதம் ஆனதும் பி.எஸ்.ஏ. பார்த்து, பயனில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். பயனில்லாத மருந்தை ரத்தக்கட்டு ஆபத்தோடு இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

இதே இடத்தில் அபிராட்டிரோன் என்ற மாத்திரையும் இருக்கிறது. அது அட்ரீனலில் ஆண் ஹார்மோன் சுரப்பதையே நிறுத்தும். பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை முன்புபோல் இல்லை. வெறும் வயிற்றில் 1000 மி.கி. என்பதுதான் முறை. காலை உணவோடு 250 மி.கி. கொடுத்தும் பி.எஸ்.ஏ. அதே அளவு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள், செலவு கால்வாசிதான். ஆனால் 1000 மி.கி. எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இட்லியோடு சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு எகிறிவிடும். எந்த முறை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: மாலா-டி கருத்தடை மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன்தானே? விலை மலிவு. அதையே சாப்பிடலாமா? (போளூர்)

கூடாது. மாலா-டி ஒன்றில் எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி.தான். அதே மருந்தைப் புராஸ்டேட் புற்றுக்குக் கொடுத்த காலத்தில் குறைந்தபட்சமே 0.15 மி.கி. அந்தக் கணக்கைப் பிடிக்க நாளுக்கு ஐந்து மாலா-டி விழுங்க வேண்டும். கூடவே லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற தேவையில்லாத இன்னொரு ஹார்மோனும் ஐந்து மடங்கு உள்ளே போகும். அட்டையில் கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு நாளும் ஹார்மோனே இருக்காது.

கேள்வி: "புராஸ்டேட்டுக்கு நூறு சதவீதம் மூலிகை" என்று ஒரு கேப்சூல் தருகிறார்கள். சாப்பிட்டவருக்குப் பி.எஸ்.ஏ. நிஜமாகவே இறங்கியிருக்கிறது. அப்படியானால் நல்லதுதானே? (திருப்பத்தூர்)

இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கேப்சூல் இப்படித்தான் பெயர் வாங்கியது. பி.எஸ்.ஏ. இறங்கியது, மார்பு வளர்ந்தது, சிலருக்குக் காலில் ரத்தக்கட்டும் வந்தது. பரிசோதித்தபோது சில தொகுதிகளில் ஸ்டில்பெஸ்ட்ராலே கலந்திருந்தது. ரத்தத்தை இளக்கும் வார்ஃபரினும் வலி மருந்தான இன்டோமெத்தசினும்கூடக் கண்டுபிடிக்கப்பட்டன. 2002-இல் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

உங்களுக்குத் தெரிந்தவரின் மார்புக் காம்பு வலிக்கிறதா, கால் வீங்குகிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் அதில் ஹார்மோன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மேல் அட்டையில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். கேப்சூல் சாப்பிடுவதைப் புற்றுநோய் டாக்டரிடம் மறைப்பது அதைவிட மோசம்; நோய் அடங்கிவிட்டதென்று அவர் தப்புக் கணக்குப் போட்டுவிடுவார்.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையில் ஒரு லேபில் 0.3 என்றும் இன்னொன்றில் 28 என்றும் வந்திருக்கிறது. ஒரே வாரத்தில் நூறு மடங்கு ஏறுமா? (ராணிப்பேட்டை)

ஏறவில்லை. முதல் லேப் ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றும், இரண்டாவது ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) நானோகிராம் என்றும் எழுதியிருக்கும். 0.3 என்பதும் 30 என்பதும் ஒன்றே. மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல டெசிலிட்டர் கணக்கில் 50-க்குக் கீழே, அதாவது மில்லிலிட்டர் கணக்கில் 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள அலகைச் சேர்த்தே படியுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

கேள்வி: மகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள்தான் தாத்தாவுக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறாள். (ஆம்பூர்)

உடனே நிறுத்துங்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்கே ஸ்டில்பெஸ்ட்ரால் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண் பிள்ளைகளில் சிலருக்கு இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்று வந்தது 1971-இல் தெரியவந்தது. அவர்கள் தினமும் விழுங்கியவர்கள், உங்கள் மகள் தொட்டவர்தான். அதனால் பதற வேண்டாம், அடுத்த பரிசோதனையின்போது டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் பொடிக்கும்போது பறக்கும் தூள் மூச்சிலும் விரலிலும் போகும். வேறு யாராவது கொடுக்கட்டும். மாத்திரையைப் பொடிக்காமல் முழுதாகத் தண்ணீரோடு விழுங்க வைக்கப் பாருங்கள். விழுங்கவே முடியாதென்றால் டாக்டரிடம் மாற்றுக் கேளுங்கள்.

கேள்வி: காசநோய் மாத்திரையும் சேர்ந்து ஓடுகிறது. பரவாயில்லையா? (செய்யாறு)

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி ஈஸ்ட்ரோஜனை வேகமாக அழித்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் இரண்டும் அப்படித்தான். மாத்திரை ஒழுங்காகப் போயும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கவில்லையென்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். காசநோய் மருந்தை நிறுத்தாதீர்கள்; ஹார்மோன் சிகிச்சையைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை வந்திருக்கிறதாமே? (வேலூர்)

பிரிட்டனில் பெரிய ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். 100 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் பட்டை நான்கை ஒரே சமயத்தில் ஒட்டி, வாரம் இருமுறை மாற்றினார்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும் மூன்றாகக் குறைத்தார்கள். தோல் வழியாகப் போவதால் கல்லீரலை முதலில் தொடுவதில்லை. 2021-இல் வெளியான முடிவில், ஊசி போட்டவர்களைவிட இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் கூடுதலாக இல்லை. எலும்பு தேய்வதும், உடம்பு குப்பென்று கொதிப்பதும் குறைவு. மார்பு வளர்வது மட்டும் இதிலும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு விற்கும் பட்டை ஒன்றை வாங்கி ஒட்டிக்கொண்டால் அந்த அளவு வராது. வியர்வை பொங்கும் உடம்பில் பட்டை ஓரம் கிளம்பிவிடும். பவுடர், எண்ணெய் படாத வயிற்றுப் பகுதியிலோ பின்புறத்திலோ ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா? (கலவை)

வேண்டாம். அடுத்த வேளைக்கு உள்ளதை மட்டும் போடுங்கள். குமட்டலால் வேண்டுமென்றே விடுகிறீர்கள் என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். கண்புரை தவிர வேறு எந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்தாலும், மாத்திரையை எத்தனை வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று மயக்க டாக்டரையும் சேர்த்துக் கேளுங்கள்.